திண்ணைக்கு வந்தவரும் டிராக்டரில் போனவர்களும்

(சங்கத்தின் ஒன்றியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக அச்சிட்டுத் தருகிறோம்.)



போன கூட்டம் முடிஞ்சு கிளம்புற நேரத்துல ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, ஓட்டுக் கேக்குறப்போ அவங்க நம்ம திண்ணையில வந்து உக்கார்றாங்க. ஜெயிச்ச பிறகு நாம அவங்க வாசல்ல போய் நிக்கிறோம். காலம் பூரா இப்படித்தானா? இதுக்கு என்னதான் வழி?”

அவருக்கு அன்றைக்கே பதில் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. ஒரு மாதமாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே பெரிய பதவி என்று சொல்கிறோமே, அமெரிக்க ஜனாதிபதி பதவி, அதற்குப் போட்டியிட வந்தவர்களும் விவசாயி வீட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து காபி குடித்து ஆதரவு கேட்டவர்கள்தான். அங்கேயும் விவசாயி ஏமாந்திருக்கிறான், போராடியிருக்கிறான், கொஞ்சம் ஜெயித்தும் இருக்கிறான். அந்தக் கதையை இன்றைக்குச் சொல்கிறேன். பெரியவருக்கான பதில் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கட்சிக்குள்ளே ஒரு தேர்தல்

நம்ம ஊர்ல வேட்பாளர் யாருன்னு கட்சித் தலைமை முடிவு பண்ணும். பட்டியல் வெளியாகும். தொண்டன் போஸ்டர் ஒட்டுவான். அமெரிக்காவுல அப்படி இல்லை. ஒரே கட்சிக்குள்ள அஞ்சு பேர், பத்து பேர் போட்டி போடுவாங்க. அவர்களில் யார் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் என்பதை ஒவ்வொரு மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்களே தேர்ந்தெடுப்பார்கள். இதற்கு ‘பிரைமரி’ என்று பெயர்.

சில மாநிலங்களில் இதை வாக்குப்பெட்டி வைத்து நடத்தாமல் ஊர்க்கூட்டமாக நடத்துவார்கள். அதற்கு ‘காக்கஸ்’ என்று பெயர். இதில் பேர் போனது அயோவா மாநிலம். சோளமும் சோயாவும் பன்றி வளர்ப்புமாக இருக்கிற விவசாய பூமி. 99 கவுன்டிகள், அதாவது நம் மாவட்டம் மாதிரி, ஆனால் சிறியவை. 1972-லிருந்து பல தேர்தல்களில் நாட்டிலேயே முதலில் முடிவு சொல்லும் மாநிலமாக அது இருந்தது. அங்கே முதலில் வந்தவன் பேர் மறுநாள் நாடு பூரா தெரியும். அதனால்தான் பெரிய பெரிய தலைவர்கள் எல்லாம் அந்தப் பனியில் விவசாயி வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

ஜனநாயகக் கட்சிக் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? ஜனவரி, பிப்ரவரி மாதக் குளிரில் ராத்திரி ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்திலோ, தேவாலயத்திலோ, சில இடங்களில் ஒருவர் வீட்டுக் கூடத்திலோ கூடுவார்கள். ரகசிய ஓட்டுக் கிடையாது. ‘இவருக்கு ஆதரவானவர்கள் இந்த மூலை, அவருக்கு ஆதரவானவர்கள் அந்த மூலை’ என்று பிரிந்து நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். பல வருஷமாக இருந்த விதிப்படி, கூட்டத்தில் 15 சதவீதம் சேராத அணி கலைந்து வேறு அணியில் சேரலாம். அப்போதுதான் பேச்சு சூடு பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரிடம், “எங்க பக்கம் வாங்க, ஏன்னு சொல்றேன்” என்று பேசுவார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டிவி விளம்பரம் அந்த அறைக்குள்ள வந்து பேசாது. பணம் மூலையில போய் நிக்காது. நம்பிக்கைக்குரிய ஓர் ஊர்க்காரர் எழுந்து பேசணும். ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு ஆள் யாருக்கு இருக்கிறதோ, அவர்தான் ஜெயிப்பார்.

இந்த ஏற்பாடு இன்று அப்படியே இல்லை. 2020-ல் அயோவா ஜனநாயகக் கட்சியின் எண்ணிக்கையில் பெரிய குளறுபடி ஆனது. 2024-ல் அந்தக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் தேர்வைத் தபால் மூலமாக மாற்றியது. குடியரசுக் கட்சி மட்டும் 2024 ஜனவரியில் பழையபடி கூட்டம் போட்டது. ஆனால் நாம் கற்க வேண்டிய பாடம் அந்தப் பழைய காலத்தில்தான் இருக்கிறது.

ஒரு நிலக்கடலை விவசாயி

1974 டிசம்பர். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஆளுநராக இருந்த ஒருவர், பதவிக்காலம் முடியப் போகிற நேரத்தில் ‘ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடுகிறேன்’ என்று அறிவித்தார். பெயர் ஜிம்மி கார்ட்டர். பிளெயின்ஸ் என்கிற சின்ன ஊர்க்காரர். நாம மல்லாட்டை, கடலைக்காய்னு சொல்றோமே, அந்த நிலக்கடலை விவசாயி. விதைக்கடலை வியாபாரமும் கிட்டங்கியும் வைத்திருந்தவர்.

கடற்படையில் அதிகாரியாக இருந்த அவர், 1953-ல் அப்பா இறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். வந்த நேரம் வறட்சி. முதல் வருஷம் கிடைத்த லாபம் 200 டாலர்கூட இல்லை. வானம் பொய்த்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜார்ஜியாவுக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. ‘ஜனாதிபதிக்கு நிற்கப் போகிறேன்’ என்று சொன்னதும் அவருடைய தாயாரே, ‘எதுக்கு ஜனாதிபதி?’ என்று கேட்டாராம். பத்திரிகைகளில் ‘ஜிம்மி யாரு?’ என்று கேலி செய்தார்கள்.

அவர் என்ன செய்தார்? 1975 பிப்ரவரியிலேயே அயோவாவுக்குப் போய்விட்டார். காக்கஸ் நடக்க இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது! முதல் பயணத்தில் போன ஊர் லீ மார்ஸ். அங்கே கவுன்டி அலுவலகத்தில் நெடுநாள் வேலை பார்த்த ஒரு அம்மையாருக்குப் பணி ஓய்வு விருந்து. அதுதான் அவருக்குக் கிடைத்த மேடை. மாநாடும் கிடையாது, ஊர்வலமும் கிடையாது.

அப்புறம் ஊர் ஊராகப் போனார். ஓட்டல் செலவுக்குப் பணம் இல்லை. ஆதரவாளர் வீட்டிலேயே தங்கினார். காலையில் எழுந்து படுத்த படுக்கையைத் தானே மடித்து வைத்துவிட்டுக் கிளம்புவார். நினைத்துப் பாருங்கள். ‘எங்க வீட்ல தங்கினார், தன் படுக்கையைத் தானே சரி பண்ணினார்’ என்று அந்த வீட்டு அம்மா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அது ஒரு லட்சம் நோட்டீஸுக்குச் சமம்.

அவர் மனைவி ரோசலின் கார்ட்டர் காரில் தனியாக ஒரு பக்கம் சுற்றினார். ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்ததும் எங்கேயாவது ரேடியோ டவர் உயரமாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் நேராக அங்கே போய், ‘நான் ஜிம்மி கார்ட்டரின் மனைவி, என்னிடம் பேட்டி எடுங்கள்’ என்று கேட்பார். பேட்டி எடுப்பவருக்கு என்ன கேட்பது என்று தெரியாது. அதனால் கேள்விகளையும் தானே எழுதிக் கையில் கொண்டுபோவார்.

1976 ஜனவரி 19. காக்கஸ் நடந்தது. வந்தவர்கள் மாநிலம் முழுவதும் 40 ஆயிரம் பேர்கூட இல்லை. அதில் சுமார் 28 சதவீதம் கார்ட்டருக்கு. ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று நின்றவர்கள்தான் அதிகம், சுமார் 37 சதவீதம். ஆனால் பெயர் சொல்லி நின்ற வேட்பாளர்களில் கார்ட்டர்தான் முதலிடம். கணக்குப் போட்டால் பத்துப் பதினோராயிரம் பேர். நம்ம பக்கத்துல ஒரு தேர்த்திருவிழாக் கூட்டம்! அந்தக் கூட்டம்தான் அவரை நாடறியச் செய்தது. அந்த வருஷம் நவம்பரில் அவர் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார்.

கடலைப் படை

அடுத்த போட்டி நியூ ஹாம்ப்ஷயரில். வடக்கே கடும் பனி. அங்கே கார்ட்டரை யாருக்கும் தெரியாது. அப்போது ஜார்ஜியாவிலிருந்து ஏறக்குறைய நூறு பேர் தங்கள் சொந்தச் செலவில் கிளம்பினார்கள். விவசாயி, கடைக்காரர், வீட்டுப் பெண்கள், கார்ட்டரின் அக்கம்பக்கத்தார். பனியையே சரியாகப் பார்க்காத தெற்கத்தி ஆட்கள் முழங்கால் பனியில் வீடு வீடாக நடந்தார்கள். அவர்களுக்கு ‘கடலைப் படை’ என்று பேர் வந்தது.

கதவைத் தட்டி என்ன சொன்னார்கள்? கொள்கை விளக்கம் இல்லை. ‘நான் ஜார்ஜியாவிலிருந்து வருகிறேன். கார்ட்டரை எனக்கு நேரில் தெரியும். இப்படிப்பட்ட மனுஷன்.’ அவ்வளவுதான். ஊர் திரும்பிய பிறகு, தாங்கள் பார்த்த வீட்டுக்காரர்களுக்குக் கைப்பட நன்றிக் கடிதம் எழுதினார்கள். 1976 பிப்ரவரி 24-ல் நியூ ஹாம்ப்ஷயரிலும் கார்ட்டரே முதலில் வந்தார்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது. 2004 தேர்தலில் ஹோவர்ட் டீன் என்கிற வேட்பாளர். இணையம் மூலமாக ஆட்களையும் பணத்தையும் திரட்டி நாட்டையே வியக்க வைத்தவர். 2003-ல் மட்டும் 4 கோடி டாலர் அளவுக்கு வசூல். அயோவாவுக்கு வெளிமாநிலத்திலிருந்து சுமார் 3,500 தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். தலையில் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறக் குல்லாய். ஊரெல்லாம் ஆரஞ்சு மயம். முடிவு என்ன? 38 சதவீதத்தோடு ஜான் கெர்ரி முதலிடம். டீன் 18 சதவீதத்தோடு மூன்றாம் இடம்.

கடலைப் படையும் வெளியூர் ஆட்கள்தானே, அது ஜெயித்தது, இது ஏன் ஜெயிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். டீன் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கடலைப் படையில் வந்தவருக்கு அந்த மனுஷனைத் தெரியும். ‘நான் ஜாமீன்’ என்று சொல்லுகிற தகுதி அவருக்கு இருந்தது. ஆரஞ்சுக் குல்லாய்ப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், உழைத்த பிள்ளைகள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஊரையும் தெரியாது, வேட்பாளரோடு பழக்கமும் கிடையாது. கூட்டம் இருந்தது, ஜாமீன் இல்லை.

2008-ல் பராக் ஒபாமா அயோவாவில் ஜெயித்ததற்கும் இதுவே ஒரு காரணம். வெளியூர் இளைஞர்கள் வந்தார்கள். ஆனால் கடைசி நேரத்தில் இறங்கவில்லை. மாதக்கணக்கில் அந்தந்த ஊரிலேயே தங்கினார்கள். உள்ளூர் ஆளைத் தேடிப் பிடித்து, அவரைப் பழக்கி, ‘உங்க ஊருக்கு நீங்கதான் பொறுப்பு’ என்று விட்டார்கள். 2004-ல் சுமார் 1 லட்சத்து 24 ஆயிரம் பேர் வந்த ஜனநாயகக் கட்சி காக்கஸுக்கு, 2008 ஜனவரி 3 ராத்திரி சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் பேர் வந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஜெயித்த பிறகு என்ன ஆச்சு?

இப்பத்தான் பெரியவர் கேள்விக்கு வர்றேன். திண்ணையில உக்கார்ந்தவர் ஜெயிச்சுட்டார். விவசாயி மகன், விவசாயி, நாட்டின் ஜனாதிபதி. விவசாயிக்கு விடிஞ்சுதா?

1977-லேயே கோதுமை விலை, சோள விலை சரிந்துவிட்டது. டீசல் விலை, உர விலை ஏறிவிட்டது. அந்த வருஷம் கொலராடோ மாநிலத்தின் ஒரு மூலையில் சில விவசாயிகள் கூடிப் பேசினார்கள். ‘அமெரிக்க விவசாய இயக்கம்’ பிறந்தது. அவர்களுடைய முக்கியக் கோரிக்கை: சமவிலை. அதாவது 1910 முதல் 1914 வரை ஒரு மூட்டை தானியம் விற்றால் என்ன சாமான் வாங்க முடிந்ததோ, அதே சாமானை இன்றைக்கும் ஒரு மூட்டை விற்று வாங்க முடிய வேண்டும். விலைவாசி ஏறினால் விளைபொருள் விலையும் கூடவே ஏற வேண்டும். நியாயமான கேள்விதானே?

1977 டிசம்பரில் ‘சமவிலை கிடைக்காவிட்டால் விதைக்க மாட்டோம், விற்க மாட்டோம், வாங்க மாட்டோம்’ என்று வேலை நிறுத்தம் அறிவித்தார்கள். ஜனாதிபதியின் சொந்த ஊரான பிளெயின்ஸுக்கே டிராக்டரில் போனார்கள். 1978 மே மாதம் ஒரு அவசர விவசாயச் சட்டம் வந்தது. ஆதரவு விலையைக் கொஞ்சம் ஏற்றியது. கேட்ட சமவிலை வரவில்லை.

1979 பிப்ரவரி 5. நாடு முழுவதிலிருந்தும் நூற்றுக்கணக்கான மைல் டிராக்டர் ஓட்டிக்கொண்டு தலைநகர் வாஷிங்டனுக்குள் நுழைந்தார்கள். போக்குவரத்து நின்றது. ஊர்க்காரர்கள் திட்டினார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. போலீஸ் குப்பை லாரிகளையும் பஸ்களையும் சுற்றி நிறுத்தி, டிராக்டர்களை நடுவிலே இருக்கிற பெரிய மைதானத்தில் அடைத்துவிட்டது.

இரண்டு வாரம் போனது. பிப்ரவரி 18, 19 தேதிகளில் வாஷிங்டனில் பேய்ப் பனி. நகரமே முடங்கியது. கார் நகரவில்லை, ஆம்புலன்ஸ் நகரவில்லை. எது நகர்ந்தது? டிராக்டர்தான்! திட்டு வாங்கிய அதே விவசாயிகள் பனியைத் தள்ளி வழி போட்டார்கள். டாக்டரையும் நர்ஸையும் டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். திட்டிய ஊர் வாயடைத்துப்போய்ப் பார்த்தது.

ஆனால் தோழர்களே, பாராட்டு வேறு, விலை வேறு. நன்றி சொன்னார்கள், சமவிலை தரவில்லை.

அதற்கும் மேலே ஒரு அடி. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து, 1980 ஜனவரி 4 அன்று ஜனாதிபதி கார்ட்டர் சோவியத் நாட்டுக்குத் தானிய ஏற்றுமதியைத் தடை செய்தார். விற்பனைக்கு இருந்த சுமார் 1 கோடியே 70 லட்சம் டன் தானியம் நின்றுபோனது. நாட்டுக்கு நாடு சண்டை. விலை கொடுத்தவன் யார்? வரப்பில் நின்றவன். அந்தத் தடை 1981 ஏப்ரலில், அடுத்த ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் காலத்தில்தான் நீங்கியது.

தடை போட்ட பதினேழாம் நாள், 1980 ஜனவரி 21, மறுபடியும் அயோவா காக்கஸ். அதில் கார்ட்டருக்கு 59 சதவீதம்! எதிர்த்து நின்ற எட்வர்ட் கென்னடிக்கு 31. ஈரானில் அமெரிக்கத் தூதரகத்து ஆட்கள் சிறைப்பட்டிருந்த நேரம் அது. நாட்டுத் தலைவருக்கு நெருக்கடி, பின்னால் நிற்க வேண்டும் என்று மக்கள் நினைத்தார்கள். இதிலிருந்து ஒன்று தெரிகிறது. உணர்ச்சி பொங்குகிற நேரத்தில் விலைக் கணக்கு மறந்துபோகும். நவம்பர் வந்தபோது நாடும் அயோவாவும் சேர்ந்தே அவரைத் தோற்கடித்தன.

கார்ட்டர் கெட்டவர் என்று சொல்ல நான் வரவில்லை. அவருடைய நேர்மையை எதிராளிகளே ஒப்புக்கொண்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. நம்மில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்பதால் நம் வேலை முடியாது. அவரைத் திண்ணையில் உட்கார வைத்தவர்கள், அவர் ஜெயித்த மறுநாள் கலைந்து போனார்கள். கொலராடோ மூலையில் கூடியவர்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஏலக் கொட்டு அடித்த காலம்

ரீகன் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 1980 டிசம்பரில் வங்கி வட்டி 21 சதவீதத்தையும் தாண்டியது. நல்ல காலத்தில் ‘கடன் வாங்கு, நிலத்தைப் பெருக்கு’ என்று ஆலோசனை சொன்னவர்களே இப்போது கழுத்தைப் பிடித்தார்கள். அயோவாவில் 1981-ல் சராசரியாக ஒரு ஏக்கர் 2,147 டாலர் விற்ற நிலம், 1986-ல் 787 டாலர். மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு காணாமல் போச்சு. நிலத்தை நம்பிக் கடன் கொடுத்த வங்கி சும்மா இருக்குமா? ஜப்தி, ஏலம். நாலு தலைமுறை உழுத நிலத்தின் முன்னால் நின்று ஏலக்காரன் விலை கூவினான். தற்கொலைகளும் நடந்தன. போராடியவர்கள் ஏலம் நடக்கிற இடத்தில் வெள்ளைச் சிலுவைகளை நட்டார்கள். போன ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு சிலுவை.

இந்தத் தடவை விவசாயிகள் ஒரு ஆளை நம்பி உட்காரவில்லை. 1982-லேயே ‘அயோவா விவசாயிகள் ஒற்றுமைக் கூட்டணி’ உருவானது. பேச்சோடு நிற்கவில்லை. கடன் தொல்லையில் இருப்பவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண் ஏற்பாடு செய்தார்கள். நோட்டீஸ் வந்தவருக்குச் சட்டத்தில் என்ன உரிமை உண்டு, எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சக விவசாயியே சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு அழைப்பும் ஒரு உறவு. அப்படித்தான் சங்கம் வளர்ந்தது.

பலன்? 1985 அக்டோபரில் அயோவா ஆளுநர் டெர்ரி பிரான்ஸ்டட், ஜப்திக்குத் தற்காலிகத் தடை போட்டார். அவர் ரீகன் கட்சிக்காரர்! 1986-ல் ‘ஜப்திக்கு முன் வங்கியும் விவசாயியும் நடுவர் முன்னால் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்’ என்று அயோவாவில் சட்டம் வந்தது. விவசாயி பலமாக இருந்தால் எந்தக் கட்சி ஆட்சி என்பது இரண்டாம் பட்சம்.

கிரீன்ஃபீல்டுக்கு வந்த பாதிரியார்

இனி 1988 தேர்தல். ஜெசி ஜாக்சன் என்கிற கறுப்பினத் தலைவர், பாதிரியார், மார்ட்டின் லூதர் கிங்கோடு வேலை செய்தவர், ஜனாதிபதி பதவிக்கு இரண்டாம் முறை போட்டியிட்டார். அயோவாவில் அவர் தன் பிரசார அலுவலகத்தை எங்கே வைத்தார் தெரியுமா? தலைநகரில் இல்லை. கிரீன்ஃபீல்டு என்கிற ஊரில். சுமார் இரண்டாயிரம் பேர் இருக்கிற ஊர். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். எல்லாம் விவசாயக் குடும்பம்.

கறுப்பினத் தலைவருக்கு வெள்ளை விவசாயி ஊரில் என்ன வேலை? அவர் கண்ட பதில் எளிமையானது. வேலை இழந்த நகரத்துத் தொழிலாளியும், நிலம் இழந்த கிராமத்து விவசாயியும் ஒரே வங்கி வாசலில்தான் நிற்கிறார்கள். விளக்கு அணைந்துவிட்டால் எல்லோரும் ஒரே நிறம்தானே! தேர்தல் நெருங்கிய பிறகு அவர் வந்து நிற்கவில்லை. அதற்கு முன்பே விவசாயிகளின் போராட்டங்களில் கலந்துகொண்டிருந்தார். அதனால்தான் கதவு திறந்தது.

1984-ல் அயோவாவில் அவருக்குக் கிடைத்தது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 1988 பிப்ரவரி 8-ல் சுமார் 9 சதவீதம். ஜெயிக்கவில்லை. ஆனால் வெள்ளை விவசாயிகள் எழுந்து நின்று அவர் மூலையில் சேர்ந்தார்கள். அந்த வருஷம் மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் அவர் வெற்றியே பெற்றார். நாடு முழுவதும் பிரைமரிகளில் 60 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வாங்கி இரண்டாம் இடத்தில் வந்தார்.

அயோவாவில் முதலில் வந்தது யார்? ரிச்சர்ட் கெப்ஹார்ட். அவர், செனட்டர் டாம் ஹார்க்கினோடு சேர்ந்து ‘குடும்பப் பண்ணையைக் காப்போம்’ என்கிற மசோதாவைக் கொண்டுவந்தவர். உற்பத்தி அளவை விவசாயிகளே வாக்களித்து முடிவு செய்வது, அதற்கு ஈடாக நல்ல விலை என்பது அதன் சாரம். அதாவது அந்த வருஷம் ‘விவசாயிக்கு என்ன செய்வாய்?’ என்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அயோவாவில் யாரும் ஓட்டுக் கேட்க முடியவில்லை. கேள்வியை வைத்தது வேட்பாளர்கள் இல்லை. ஆறு வருஷமாக ஊர் ஊராக வேலை செய்த விவசாயிகள்.

காக்கஸுக்கு ஒரு மாதம் முன்பு, 1988 ஜனவரியில், விவசாயக் கடன் சட்டம் கையெழுத்தானது. கடனைத் திருத்தி அமைத்துக் கேட்கும் உரிமையை அது விவசாயிக்குக் கொடுத்தது. கையெழுத்துப் போட்டவர் ரீகன். ஆனால் ஹார்க்கின்–கெப்ஹார்ட் மசோதா? அது கடைசி வரை சட்டமாகவே இல்லை. ஜாக்சனும் வேட்பாளர் ஆகவில்லை, கெப்ஹார்ட்டும் ஆகவில்லை. பாதி ஜெயிச்சது, பாதி தோத்தது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

பெரியவருக்குப் பதில்

ஐயா, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்போது உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

ஒன்று: திண்ணைக்கு வர்றவங்களை விரட்ட வேண்டாம். ஓட்டு வேணும் என்கிற அந்த ஒரு நேரத்தில்தான் அவர் நம்மைவிடக் கீழே உட்கார்ந்திருக்கிறார். காபி கொடுங்கள். ஆனால் கேள்வி கேட்காமல் அனுப்பாதீர்கள்.

இரண்டு: கேள்வியை நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ரோசலின் அம்மையார் தனக்கான கேள்விகளைத் தானே எழுதிக்கொண்டு போனார். நாம எழுதாவிட்டால் வர்றவர் தனக்கு வசதியான கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போவார்.

மூன்று: ஒவ்வொரு ஊரிலும் எழுந்து பேச ஒரு ஆள் வேண்டும். வெளியிலிருந்து வருகிற கூட்டம் ஆரஞ்சுக் குல்லாய் மாதிரி. ஊர் நம்புகிற ஒரு ஆண், ஒரு பெண் இருந்தால் போதும், அவர்கள்தான் சங்கம்.

நாலு: தேர்தல் இல்லாத நாளில்தான் சங்கம் வளரும். அயோவாக்காரர்கள் தொலைபேசி எடுத்துக் கடன் நோட்டீஸ் படித்துக் காட்டிய நாட்களில்தான் பலம் சேர்ந்தது. ஓட்டு நாளில் அதை எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவே.

ஐந்து, இதுதான் முக்கியம்: சங்கத்தை எந்த வேட்பாளர் பையிலும் போட்டுவிடாதீர்கள். நம்ம ஆளே ஜெயிச்சாலும் மறுநாள் கூட்டம் நடக்கணும். 1976-ல் ஜெயிச்சவர் கடலை விவசாயி. 1979-ல் டிராக்டர் போனது அவர் வாசலுக்குத்தான்.

திண்ணையில் உட்கார்ந்தவர் ஜெயித்த பிறகு நாம் அவர் வாசலில் நிற்பது வெட்கமில்லை ஐயா. தனித்தனியாக, மனுவோடு, கை கட்டி நிற்பதுதான் வெட்கம். ஊரோடு, கணக்கோடு, அவர் சொன்ன வார்த்தையை எழுதி வைத்த நோட்டோடு நின்றால் கதை வேறு.

அதனால் இன்று வீட்டுக்குப் போகும்முன் ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு கிளையும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். யார் வந்தார், எந்தத் தேதி, என்ன சொன்னார், யார் யார் கேட்டார்கள், இவற்றை மட்டும் எழுதுங்கள். படித்த பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். படித்துப் பார்ப்போம்.



விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!